கைக்கெட்டும் கருவியும் தற்கொலையும்

தற்கொலை உந்துதல் பல வேளைகளில் விரைவில் தணிவது; அவ்வேளையில் கைக்கெட்டும் கருவியின் கொடுமையே உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. இஸ்ரேலியப் படையினர் வார விடுமுறையில் துப்பாக்கியை வீட்டிற்குக் கொண்டுசெல்வது 2006இல் கட்டுப்படுத்தப்பட்டது. அவர்களிடையே தற்கொலை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. குறைவு விடுமுறை நாட்களிலேயே பெரிதும் நிகழ்ந்தமை கருதத்தக்கது.

கொடகவெல போன்ற சபரகமுவத் தேயிலைப் பகுதிகளில் அத்துப்பாக்கியின் இடத்தில் இருந்தவை கிருமிநாசினியும் களைநாசினியுமே. இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்திற்கு ஏறத்தாழ 47 ஆக உச்சமடைந்தது. 1984 முதல் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. பரகுவாட் களைநாசினி 2008க்குப் பின் படிப்படியாக நீக்கப்பட்டது. 2015 அளவில் அவ்வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது.

வறுமையும் குடியும் ஒழிந்ததால் நேர்ந்ததன்று இது. அவற்றை ஒழிக்கும் பணி நெடியது. அதுவரை கருவியை அகற்றி உயிரைக் காத்தலை நாம் சிறிய பணியாகக் கருதலாகாது.