நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

2025 செப்டம்பர் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் ஒரு சாவு பெரிய கலவரமாகிவிட்டது. கப்பல் கட்டும் தள வேலைக்கு வந்திருந்த உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் தங்குமிடத்தில் தவறி விழுந்து இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டும் என்று வடமாநிலத் தொழிலாளர்கள் திரண்டார்கள். கல் பறந்தது, போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள், பலர் கைதானார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் பக்கத்திலேயே இன்னொரு துயரம். செப்டம்பர் 30 அன்று வயலூரில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் எஃகு வளைவு சரிந்து விழுந்து ஒன்பது பேர் பலியானார்கள். பெரும்பாலோர் அசாம் மாநிலத்தவர். முதலமைச்சர் தலா 10 லட்சம் ரூபாயும் பிரதமர் தலா 2 லட்சமும் அறிவித்தார்கள்.

இப்படி அறிவிக்கப்படுவது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் நிவாரணம். வேலை கொடுத்தவர் சட்டப்படி தர வேண்டிய இழப்பீடு தனிக் கணக்கு. "அதான் அரசாங்கமே கொடுத்துடுச்சே" என்று கான்ட்ராக்டர் கைகழுவ முடியாது.

2025 நவம்பர் 21-க்கு முன் நடந்த மரணங்களுக்கு இந்த இழப்பீட்டின் அடிப்படை 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். இதில் முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். ஹெல்மெட் போடவில்லை, குடித்திருந்தார் என்றெல்லாம் சொல்லிக் காயம்பட்டவரின் இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆள் இறந்துவிட்டால் அந்தச் சாக்குகள் செல்லாது.

கணக்கு எளிது. மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்குக் காரணி 197.06. சம்பளம் 15,000 ரூபாய் என்றால், 7,500-ஐ அதனால் பெருக்க 14,77,950 ரூபாய் வரும். 25 வயதுக்காரர் என்றால் 16,26,825. இதில் ஒரு பெரிய அநியாயமும் இருக்கிறது. வெல்டர் ஒருவர் மாதம் 30,000 வாங்கினாலும் கணக்கில் 15,000-க்கு மேல் ஏறாது. 2020-இல் வைத்த உச்சவரம்பு அது. விலைவாசி ஏறியிருக்கிறது, வரம்பு ஏறவில்லை.

ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் பிணவறை வாசலில்தான். உடலை ஊருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில், கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவார்கள். அப்படி உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்கிறது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. 8-ஆம் பிரிவு இன்னும் கறார்: மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்திடம் நேரே கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மற்றது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது.

காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்னொரு சிக்கல், முதலாளி யார் என்பதே. கம்பெனிக்குக் கீழே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அவருக்கும் கீழே ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்தவர். விபத்து நடந்ததும் கடைசி ஆளின் போன் அணைந்துவிடும். குடும்பம் அவரைத் தேடி அலைய வேண்டாம். வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அந்த நிறுவனத்தின் பாடு. மனுவுக்காகச் சென்னைக்கு வந்து காத்துக்கிடக்கவும் தேவையில்லை. அசாமில் வசிக்கும் மனைவி அங்குள்ள ஆணையரிடமே மனு கொடுக்கலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு.

வேலை முடிந்து தங்குமிடத்தில் இறந்தால்? இதுதான் காட்டுப்பள்ளி எழுப்பிய கேள்வி, விடையும் அவ்வளவு சுலபமில்லை. குஜராத்தின் போர்பந்தர் அருகே உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும்போது படகு கவிழ்ந்து இறந்தார்கள். அந்த வழக்கில் 1958-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. வேலையிடத்தின் எல்லை அந்தப் படகுத்துறை வரை நீளாது என்றது. 2025 ஜூலையில் அதே நீதிமன்றம், மகாராஷ்டிரத்தில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே அளவுகோல். தங்குமிடச் சாவுகளிலும் வழக்கு இதையொட்டித்தான் நடக்கும். அங்கே தங்க வேண்டும் என்பது வேலையின் நிபந்தனையா, இடத்தைப் பராமரித்தது யார் என்பதற்கான சான்றுகளை உடனே சேர்த்து வைப்பது நல்லது.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் என்றால் பாதை வேறு. மொத்தத் தொகைக்குப் பதிலாகச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். மனைவிக்கு ஆயுள் முழுவதும், மறுமணம் செய்யாதவரை. இளம் குடும்பத்துக்கு இதுவே லாபம் என்று தோன்றுகிறது. பி.எஃப். பிடித்திருந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும்; பலர் கேட்காமலே விட்டுவிடும் பணம் இது.

கன்டெய்னர் லாரி மோதி இறந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே 15,000 ரூபாய் வரம்பு இல்லை. வேலையின்போது நடந்த சாலை விபத்தென்றால் தீர்ப்பாயம், ஆணையர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு. நிறுவனத்தின் அலட்சியம் அப்பட்டமாகத் தெரிந்தால், 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி சிவில் நீதிமன்றத்தில் கூடுதல் தொகை கேட்கலாம். ஆனால் அங்கே தவறை நிரூபிக்க வேண்டும், ஆண்டுகள் ஓடும், ஆணையரிடம் போகும் வழியும் அடைபடும். வழக்கறிஞரைக் கலக்காமல் இதில் இறங்கக் கூடாது.

குற்ற வழக்கு தனி. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அந்த வழக்கு இழுத்தாலும் இழப்பீட்டு மனு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இரண்டுக்குமே வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயம். வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் நடந்த மரணங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எந்தக் குடும்பமும் ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம். அல்லது எந்த ஊரிலிருந்தும் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.