‘பாஸ்’ ஆகிவிட்டான், சரி, வாசிக்கத் தெரிகிறதா?

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையை வைத்திருக்கும் தாயிடம், “மக்தபில் எதுவரை ஓதியிருக்கிறான்?” என்று கேட்டுப் பாருங்கள். “அம்ம ஜுஸ்உ முடிச்சுட்டான், இப்ப தபாரக் ஜுஸ்உல இருக்கான்” என்று உடனே பதில் வரும். அதே தாயிடம், “பள்ளிக்கூடத்தில் தமிழ் எதுவரை வாசிக்கிறான்? கழித்தல் கணக்கு தானாகப் போடுகிறானா?” என்று கேளுங்கள். “நல்லாத்தான் படிக்கிறான், பாஸாயிட்டான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு இடங்களும் நடத்தப்படும் முறையில்தான் இந்த வித்தியாசம் இருக்கிறது. மக்தபில் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக முன்னால் உட்கார வைத்து ஓதச் சொல்கிறார். சரியாக வந்தால்தான் அடுத்த சபக். பிள்ளை நிற்கும் இடம் உஸ்தாதுக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் வகுப்பு மொத்தமாக நகர்கிறது. ஜூன் மாதம் வந்தால் எல்லாரும் அடுத்த வகுப்பு.

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் அதில் திருத்தம் வந்தது; 5, 8 ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்த மாநிலங்களுக்கு இடம் தரப்பட்டது. ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கு 2024 டிசம்பரில் அதற்கான விதியை வெளியிட்டது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை; இங்கே எட்டாம் வகுப்புவரை கட்டாயத் தேர்ச்சிதான்.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கினால் அது படிக்கக் கற்றுக்கொள்வதில்லை, பள்ளிக்கூடத்தை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் ‘போதும், வீட்டில் இரு’ என்பதற்கு அதுவே சாக்காகிவிடும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. முன்பு படிப்பறிவில்லாத பெற்றோருக்கும் புரிந்த ஒரே தகவல் ‘பாஸ், ஃபெயில்’ என்பதுதான். அது இப்போது எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக வந்திருக்கும் தகவல்களைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்பில்தான் பல வீடுகளுக்கு விஷயம் தெரிகிறது. அந்த நேரத்தில் பையன் மண்ணடியில் ஒரு கடையில் வேலைக்குச் சேரத் தயாராக நிற்கிறான்.

அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் கூட்டிப் பேச வேண்டும். பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதையெல்லாம் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆகவே வகுப்பாசிரியரிடம் போய்க் கேட்பது உதவி கேட்பதும் அல்ல, சண்டைக்குப் போவதும் அல்ல. சட்டம் நமக்குத் தந்திருப்பதைக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

என்ன கேட்க வேண்டும் என்பது அடுத்தது. “நல்லாப் படிக்கிறானா டீச்சர்?” என்று கேட்டால், “கொஞ்சம் கவனம் பத்தலம்மா” என்ற பதில்தான் கிடைக்கும். நாற்பது பிள்ளைகளின் தாய்மார்களுக்கும் அதே பதில். இதைவிடத் துல்லியமாகக் கேட்க இப்போது வழி இருக்கிறது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். அதைச் சரிசெய்ய அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது. தொடக்க விழா நடந்த அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி நமக்குத் தொலைவில் இல்லை, பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது.

இந்தத் திட்டத்தில் பிள்ளைகள் கற்றல் நிலைப்படி பிரிக்கப்படுகிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர். சுருக்கமாகச் சொன்னால், அரும்பு என்பது ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பிலேயே இருக்கலாம். அவமானப்பட அதில் எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பில் தெரிந்துகொண்டால் சரிசெய்ய நேரம் இருக்கிறது. மக்தபில் ‘எந்த ஜுஸ்உ?’ என்று கேட்பது போலவே பள்ளிக்கூடத்தில் கேட்கலாம்: “தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை? போன பருவத்தில் எங்கே இருந்தான்? வீட்டில் நாங்கள் ஒரே ஒரு வேலை செய்ய வேண்டும் என்றால் எதைச் செய்யட்டும்?” இந்த மூன்றாவது கேள்விக்கு நல்ல ஆசிரியர்கள் முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

மதிப்பெண் அட்டையிலும் கொஞ்சம் கவனம் தேவை. ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், செயல்பாடுகளில் வாங்கிய மதிப்பெண் எழுத்துத் தேர்வில் இருக்கும் பள்ளத்தை மூடிவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதையும் கேளுங்கள். ஊரில் நிக்காஹ் என்று நான்கு நாள், நாகூர் கந்தூரி என்று ஒரு வாரம், மழையில் தெருவெல்லாம் தண்ணீர் என்று சில நாள். நமக்கு எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் ‘ஐ’ வரிசை எழுத்துகளை நடத்திய வாரம் அதில் போயிருக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் பிள்ளையின் வாசிப்பைச் சோதிக்க முடியும். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் கூட்டமாகச் சொல்லிச் சொல்லி அது மனப்பாடம் ஆகியிருக்கும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பிள்ளை ஒப்பித்துவிடும். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்று கேளுங்கள். பிறகு இன்னொன்று, வேறு பக்கத்தில். தயங்காமல் சொன்னால் வாசிக்கிறது. திரும்பப் போய் வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால் ஒப்பிக்கிறது. ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, கடைப் பலகை எதில் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். ஐந்து நிமிட வேலை.

உருது பேசும் வீடுகளுக்கு இன்னொரு சிரமம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் பள்ளி அனுப்பும் தமிழ்ச் சுற்றறிக்கையை வீட்டில் உம்மாவால் படிக்க முடிவதில்லை. அதைப் படித்துச் சொல்வது அந்தப் பிள்ளையேதான்! தனக்குச் சாதகமில்லாத வரியை எந்தப் பிள்ளை வாசிக்கும்? பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையிடம் காட்டி விடுங்கள்.

சரி, எப்போது போய்க் கேட்பது? துறைமுகத்தில் ஷிப்டு பார்ப்பவர், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், காசிமேட்டில் விடியும் முன்பே ஏலத்துக்குப் போகும் பெண் என நம் பகுதி மக்களுக்கு ஒரு பிற்பகலை ஒதுக்குவது ஒரு நாள் கூலியை விடுவதற்குச் சமம். பள்ளிகள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை என்பது நம் கருத்து. அதற்காகக் கூட்டத்துக்கே போகாமல் இருந்தால் இழப்பு நமக்குத்தான்.

அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டி இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் மீண்டும் மாற்றி அமைத்தார்கள். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வைக்கப்படுகிறது. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர நேரம் சரியாக இருக்கும். நம் ஜமாஅத்துகள் ஒரு சிறு உதவி செய்யலாம்: அன்றைய ஜும்ஆவில் “இன்று மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம்” என்று ஓர் அறிவிப்பு. சுவர், கழிப்பறை, குடிநீர் பற்றியே அங்கே அதிகம் பேசப்படும். அவையும் தேவைதான். ஆனால் “மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் அரும்பில் இருக்கிறார்கள்?” என்று ஒரு தாய் எழுந்து கேட்டால் கூட்டத்தின் போக்கே மாறும்.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு கேட்டிருக்கிறது. இன்றைய நிலையில், பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற அந்தச் சட்டக் கட்டாயம் நம் நிர்வாகங்களின்மேல் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் நம் நிர்வாகிகள் தாங்களாகவே முன்னால் நிற்க வேண்டும். பல பள்ளிகளில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மாறுவேடப் போட்டிப் படம், ஆண்டு விழாப் படம், கட்டண நினைவூட்டல் எல்லாம் அதில் வருகிறது. பருவத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் தனியாக நான்கு வரி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வாழ்கிறவர்களுக்குப் பள்ளியிலிருந்து வரும் தகவல் உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ நெடி பரவி மாணவியர் பலர் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்தபோது மீண்டும் சிலருக்கு அதே பாதிப்பு. இப்படியொரு நாளில் பள்ளி முதலில் கூப்பிடுவது சேர்க்கையின்போது நாம் கொடுத்த எண்ணைத்தான். ‘எமிஸ்’ பதிவிலும் அந்த எண்தான் இருக்கும். ஆஃபருக்காக சிம் மாற்றும் வீடுகளில் அந்த எண் எப்போதோ செயலிழந்திருக்கும். சில வீடுகளில் அது வெளிநாட்டில் இருக்கும் அத்தாவின் பழைய எண்.

இந்த வாரம் பிள்ளையை அழைத்து வரப் போகும்போது, “எங்கள் பிள்ளைக்கு எந்த எண் பதிவாகியிருக்கிறது?” என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பகலில் வீட்டில் இருப்பவரின் எண்ணாக அதை மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணை இரண்டாவதாகக் கொடுங்கள். மாற்றும்போது ஓ.டி.பி. கேட்கக்கூடும், அதனால் அந்த செல்போனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.