வெள்ளையை விரட்டும் ஒற்றை வரி

துணிக்கடையின் இணையதளத்துக்கு 300 சேலைப் படங்கள். எல்லாவற்றிலும் பின்னணி வெள்ளையை நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மவுஸால் ஒவ்வொன்றாக வெட்டினால் கை கடுத்துவிடும். இமேஜ்மேஜிக் மென்பொருளுக்குக் கட்டளை வரியில் ஒரே வரி தட்டினால் போதும்.

டூபான்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜான் கிறிஸ்டி 1987-இல் எழுதத் தொடங்கிய இந்த மென்பொருள், 1990 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

சிக்கல் வெள்ளையில்தான். ஜேபெக் படத்தில் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் இடம், கணினிக்கு ஓரிடத்தில் 255 என்ற முழு வெள்ளை, பக்கத்திலேயே 251. அதனால் 'ஃபஸ்' என்ற அளவை 5 அல்லது 10 சதவீதம் எனக் கொடுத்து, வெள்ளையை ஒட்டிய நிறங்களையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். தாராளமாகக் கொடுத்தால் சேலையின் வெள்ளைக் கரையும் ஓட்டையாகிவிடும்! மூலையிலிருந்து தொடர்ச்சியாகப் பரவும் வெள்ளையை மட்டும் நீக்கும் 'ஃப்ளட்ஃபில்' முறை இதற்குப் பாதுகாப்பானது.

கலைந்த தலைமுடி, மரங்கள் நிறைந்த பின்னணி என்றால் நிறக்கணக்கு தோற்றுவிடும். அங்கே கைகொடுப்பது ரெம்பிஜி என்ற இன்னொரு கருவி. யு-ஸ்கொயர்-நெட் போன்ற நரம்பியல் வலை மாதிரிகளைக் கொண்டு, முன்னே நிற்பது எது என்று அதுவே ஊகிக்கிறது.

வெட்டிய படத்தை பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லை.