எண்ணெயை உறிஞ்சும் கரி

அந்தமான் தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) விமான நிலையத்தை அடுத்து அமைந்துள்ளது லம்பா லைன். இந்நகரில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சாலைகளிலும் பட்டறைகளிலும் சிந்தும் எண்ணெயை இத்தகைய பெருமழை எளிதில் கடலுக்கு அடித்துச் சென்றுவிடும். கடல்வழியேயும் அபாயம் உண்டு. 1993 ஜனவரியில் மலாக்கா நீரிணையின் வடவாயிலருகே ‘மெர்ஸ்க் நேவிகேட்டர்’ என்னும் எண்ணெய்க் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதித் தீப்பற்றியது. சுமார் 25,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது.

எண்ணெய் கரையை அடைந்தால் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களை மூடிவிடும். துப்புரவுப் பொருள்களைச் சென்னையிலிருந்து வரவழைப்பதாயின், கப்பல் வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள்கள் ஆகும். ஆதலின், தீவிலேயே சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய பொருளே இங்குப் பெரிதும் வேண்டப்படுவது.

நுண்துளைக் கரிப்பொருள்கள் அத்தகையவை. இவற்றின் மேற்பரப்பு நீரைவிட எண்ணெயையே விரும்பி ஏற்கும். எடை குறைவாதலின் நீரில் மிதக்கும். ஆனால் எல்லாக் கரியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பெறும் கிளர்வுற்ற கரியின் துளைகள் மிக நுண்ணியவை. நீரில் கரைந்துள்ள மாசுகளை அகற்ற அவை ஏற்றவை. கெட்டியான எண்ணெய்க்கோ அவற்றில் இடம் போதாது. அதற்குப் பெரிய துளைகள் வேண்டும்.

கிராபைட் செதில்களைக் கந்தக அமிலத்தில் பதப்படுத்தித் திடீரெனக் கடுமையாகச் சூடேற்றினால், நெல் பொரிவதுபோல் அவை பன்மடங்கு உப்புகின்றன. இவ்வாறு பொரிந்த கிராபைட் ஒரு கிராம், 80 கிராம் வரை கன எண்ணெயை ஏற்கும் என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் இனகாகி, டொயோடா ஆகியோர் காட்டியுள்ளனர். ஏற்ற எண்ணெயைப் பிழிந்தோ உறிஞ்சியெடுத்தோ மீட்கலாம். ஆயினும் பிழியும்பொழுது துளைகள் நசுங்குவதால் கொள்திறன் படிப்படியாகக் குறையும்.

எனவே, முதன்முறை ஏற்கும் அளவை மட்டும் கொண்டு ஒரு பொருளை மதிப்பிடலாகாது. தன் எடையைப்போல் 80 மடங்கு ஏற்று ஒரே முறையில் பயனற்றுப்போகும் பொருளைவிட, 40 மடங்கே ஏற்றுப் பத்து முறை பயன்படும் பொருள் மேலானது. பின்னது மொத்தம் 400 மடங்கு எண்ணெயை அகற்றுகின்றது.

இதனை ஆசிரியர்கள் வகுப்பிலேயே விளக்கலாம். கரிப்பொருளுக்குப் பதிலாக இலவம்பஞ்சு போதும். அதன் இழைகள் உள்ளே வெறுமையானவை, மெழுகுப் பூச்சுடையவை. ஒரு கிண்ண நீரில் இலவம்பஞ்சையும் மருந்துக்கடைப் பஞ்சையும் இடுக. முன்னது மிதக்கும், பின்னது நீரைக் குடித்து அமிழும். பிறகு வேறொரு கிண்ண நீரில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு, புதிய இலவம்பஞ்சால் ஒற்றியெடுத்துப் பிழிக. இவ்வாறு ஐந்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் ஏற்ற எண்ணெயை நிறுத்து அட்டவணையிடுக. கொள்திறன் குறைந்துவருவதை மாணவர் தாமே காண்பர்.

களப்பணியாளர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. பிழிந்த எண்ணெயையும் பயனற்றுப்போன கரியையும் மூடிய பீப்பாயில் சேர்த்து முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். மண்ணில் கொட்டினால், அடுத்த மழை அதனை மீண்டும் கடலிலேயே சேர்த்துவிடும்.