ஆர்சி விமானம்: எஞ்சின் வாங்கும் முன் புரொப்பெல்லரைக் கேளுங்கள்

வானில் குட்டிக்கரணம் போடும் ஆர்சி (ரேடியோ கட்டுப்பாட்டு) விமானம் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எஞ்சின் என்ன பவர்?" என்பதைத்தான். புரொப்பெல்லர் கடைசியில், கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொள்ளும் பொருளாகிவிடுகிறது. மோட்டார் புகைவதும் புரொப்பெல்லர் உடைந்து தெறிப்பதும் பல நேரம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பிறகு நஷ்டஈடு கேட்டுப் போனால், "நீங்கள் மாட்டிய புரொப்பெல்லர் தப்பு" என்று விற்றவர் கைகழுவவும் இதுவே வழி செய்கிறது.

எண்களைப் படியுங்கள்

புரொப்பெல்லரில் 11×6 என்று அச்சிட்டிருந்தால், விட்டம் 11 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். அதாவது, கணக்குப்படி ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும். அந்தரத்தில் தொங்கும் 3டி சாகசத்துக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் வேண்டும். வேகமாகப் பாய்ந்து பெரிய வளையங்கள் போட பிட்ச் கூடுதலாக வேண்டும். தொங்குவதற்கு இழுவிசை விமானத்தின் எடைக்குச் சமமாக இருந்தால் போதும். அங்கிருந்து மேலே கிளம்ப ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது.

"ஒரு அங்குலம்தானே கூடுதல்?" என்று நினைப்பதில்தான் ஆபத்து. சுற்று வேகம் மாறாதவரை, சுமை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 11 அங்குலத்தை 12 ஆக்கினால் தேவைப்படும் சக்தி சுமார் 40 சதவீதம் கூடிவிடும்.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள மின்சார விமானத்துக்கு, கிலோவுக்கு 330 வாட் வீதம் ஏறக்குறைய 500 வாட் தேவை. 14.8 வோல்ட் லிப்போ பேட்டரியில் அது சுமார் 34 ஆம்பியர். 50 ஆம்பியர் ஈஎஸ்சி (மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) போட்டால் கவலை இல்லை. 40 ஆம்பியரில் சிக்கனம் பிடித்துவிட்டு ஒரு அங்குலம் பெரிய புரொப்பெல்லரை மாட்டினால் ஈஎஸ்சி கருகிப்போகலாம். எந்த ஜோடியையும் முதல் பறப்புக்கு முன் தரையில் கட்டிவைத்து, வாட்மீட்டர் இணைத்து அளந்துவிடுங்கள்.

எல்லாப் புரொப்பெல்லரும் எல்லா வேகத்தையும் தாங்காது. ஏபிசி நிறுவனத்தின் 'ஸ்லோ ஃப்ளையர்' வகைக்கு, 65,000-ஐ விட்டத்தால் வகுத்தால் வருவதே உச்ச சுற்று வேகம். 10 அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 6,500 சுற்றுதான். ஆயிரம் கேவி (வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று) மோட்டாரும் 3 செல் பேட்டரியும் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மெதுவாகப் பறக்கும் நுரை விமானத்துக்கான இந்த வகையைச் சாகச விமானத்தில் மாட்டவே கூடாது.

கையைக் காப்பாற்றுங்கள்

11 அங்குலப் புரொப்பெல்லர் 12,000 சுற்றில் ஓடும்போது அதன் நுனி மணிக்கு 630 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டும். எரிபொருளில் ஓடும் கிளோ எஞ்சினை வெறும் விரலால் சுண்டாமல், ஸ்டார்ட்டரையோ ரப்பர் சுற்றிய குச்சியையோ பயன்படுத்துங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் வந்து நின்றே கிளோ பிளக்கின் மின் இணைப்பைக் கழற்றுங்கள். புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. மின்சார விமானத்தை வீட்டில் வைத்து அமைப்புகளை மாற்றும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். விளிம்பில் சிறு வெட்டு தெரிந்தாலும் ஒட்டுப்போடாமல் முறித்து எறியுங்கள்.

விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வைத்து 108-ஐ அழையுங்கள். துண்டின் மேல் பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது.

கிளோ எரிபொருளின் பெரும்பகுதி மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் வழியே பல உயிர்களைப் பறித்த அதே நஞ்சு. பட்டப்பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. தமிழ்நாட்டில் மெத்தனாலை உரிமம் இல்லாமல் வாங்கி வைப்பது குற்றம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதோ குடும்பத்தையே ஆபத்தில் தள்ளுவது.

எடை சட்டத்தையும் மாற்றும்

2021 ட்ரோன் விதிகள் ஆர்சி விமானத்துக்கும் பொருந்தும். எரிபொருளோ பேட்டரியோ சேர்த்து 2 கிலோவுக்குள் இருந்தால், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. '46' அளவு கிளோ எஞ்சின் பூட்டிய சாகச விமானம் பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டிவிடும். ஆக, எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் சட்டப் பொறுப்பையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். 250 கிராமுக்கு மேற்பட்டால் மூன்றாம் நபர் காப்பீடும் அவசியம்.

ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சைப் பகுதியா என்று பார்த்தபின் பறக்கவிடுங்கள். அங்கும் உயர வரம்பு 400 அடி. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். அலட்சியத்தால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆவது பிரிவின்கீழ் வழக்கும் வரலாம்.

ஏமாந்தால் எங்கே போவது?

குறைபாடுள்ள பொருளால் காயமோ இழப்போ ஏற்பட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தயாரிப்பாளரிடமும் விற்பனையாளரிடமும் இழப்பீடு கேட்கலாம். போதிய எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ தராததும் இதில் அடங்கும். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்பனையாளரைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது 87-ஆவது பிரிவு. அளவு மீறிய புரொப்பெல்லரை நீங்களாக மாட்டினால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். ஆகவே, "இந்த எஞ்சினுக்கு எந்த அளவு?" என்பதற்கான பதிலை பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உடைந்த துண்டு, பெட்டி, பில், வாட்மீட்டர் அளவின் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்தில் தீர்வு காண்பது அவர் கடமை. பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.