அறுபதைத் தாண்டியவருக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

தை பிறந்தால் கொல்லிமலையில் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணியின் உச்சியில் நிற்பவருக்கு என்ன வயது என்று கீழிருந்து பார்த்தால் தெரியாது. இறங்கி வந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைக்கும்போதுதான் தெரியும், பேரன் பேத்தி எடுத்தவர் என்று. எப்போது ஓய்வு என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில்.

சமவெளியில் ஓய்வு வயது அரசாணையால் நகர்கிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 58 ஆக இருந்தது 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. சிங்கப்பூரில் 2026 ஜூலை 1 முதல் 64. உடல்நலமும் வேலைத்திறனும் உள்ள ஊழியருக்கு 69 வயது வரை மறுவேலை தர முன்வருவது அங்கே முதலாளியின் கடமை. மூத்தவர்களை வேலையில் நீடிக்கச் சொல்லும் அரசுகள் அதற்கான பாதுகாப்பையும் சட்டத்தில் எழுதிவைக்கின்றன.

மலைத்தோட்டத்துக் கூலிக்காரருக்கு ஓய்வு வயது கிடையாது. ஆனால் அவருக்கான பாதுகாப்புத் திட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கும் வயது வரம்பு உண்டு. சிக்கல் இங்கேதான்.

வயதுக் கணக்கு

40 வயதுக்குள்: பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் சேரலாம். மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 60-க்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் பென்ஷன்.

59 வரை: அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு.

60-க்குள்: கட்டுமானம், தையல், ஓட்டுநர் போன்ற தொழில்களுக்கான தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு. பதிவு செய்தவருக்கே 60-க்குப் பின் வாரிய ஓய்வூதியம்.

65 வரை: சிறு, குறு விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். விபத்துக்கு உதவித்தொகை உண்டு.

70 வரை: வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஏணி ஏறுகிற எவரும் இதைத் தவறவிடக் கூடாது.

நூறு நாள் வேலைக்கு மட்டும் 18 வயது நிரம்பினால் போதும், மேல் வரம்பு இல்லை. "உங்களுக்கு வயசாயிடுச்சு, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று வேலை அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வேலைத்தளம் தூரமாக இருந்தால் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வீட்டருகே வேலை தர முன்னுரிமை அளிக்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் வழிகாட்டு விதி. ஏற்றமும் இறக்கமுமான கொல்லிமலைக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. தண்ணீர் கொடுப்பது, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற இலகுவான வேலையையும் கேட்கலாம்.

ஆபத்து எங்கே?

ஒன்று, சட்ட மாற்றம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம் 100 நாளை 125 ஆக்கியது. கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் வைத்தது. அந்த நாள்களில் தோட்டக்காரர் தேடுவது ஏணி ஏறும் இளைஞரை. முதியவர் இரண்டு பக்கமும் வேலையில்லாமல் நிற்கக்கூடும்.

இரண்டு, ரேகை. சாமைக்குக் களையெடுத்து, மரவள்ளி பிடுங்கிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். பணம் எடுக்கப் போன ஆயா, விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து ரேகைக் கருவியில் வைப்பார். கருவி சிவப்பு விளக்கையே காட்டும். தன் பணம் தன் கைக்கு வராமல் மலையேறித் திரும்புவார்.

மூன்று, வயதுச் சான்று. பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு ஆதாரில் உத்தேச வயதுதான் ஏறியிருக்கும். இரண்டு வயது குறைந்திருந்தால் பென்ஷன் இரண்டு வருடம் தள்ளிப்போகும்.

நான்கு, அரைக்கூலி. கிழவர் என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்பதும் கூடாது.

என்ன செய்யலாம்?

வேலையை வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி கேட்கலாம். சீட்டு இல்லையென்றால் கேட்டதற்கே சாட்சி இல்லை.

ரேகை விழாதவர் ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். வங்கிக் கிளைக்கே போனால் பாஸ்புக்கும் பணம் எடுக்கும் படிவமும் போதும்.

வயதில் தகராறு என்றால் பள்ளிச் சான்று, வாக்காளர் அட்டை போன்ற பழைய ஆவணங்களைத் தேடி எடுங்கள். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

உடம்பு முடியாமல் போனால், ஆதரவற்ற ஏழை முதியோர் 60 வயதிலிருந்து உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். மனுவை வட்டாட்சியர் அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ கொடுக்கலாம்.

கொல்லிமலை மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். அவர்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரவேண்டும். தொலைபேசி எண் 15100. முதியோர் உதவிக்கு 14567. முதல்வரின் உதவி மையம் 1100.

குறையைச் சொல்ல 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. வீட்டுப் பெரியவருக்கு உண்மையில் என்ன வயது, அட்டையில் என்ன வயது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடுத்த மிளகுப் பறிப்புக்கு அவர் ஏணியில் கால் வைக்குமுன் அந்த 20 ரூபாய்க் காப்பீடு அவர் பெயரில் இருக்கட்டும்.