பொதுச் சமையற்கூடத்தைப் பல காரியங்களுக்கும் உரியதாக்குதல்

கிராமச் சமுதாயக் கூடங்களின் பின்புறத்தில் உள்ள சமையலறையைத் திறந்து பார்த்தவர்கள் அதன் நிலைமையை நன்கு அறிவார்கள். சுவர்களிற் கரி படிந்திருக்கும். சுவரோரமாக ஒரு மேடை இருக்கும். அதன்மீது சென்ற விவாகத்தில் மீந்துபோன வாழையிலைக் கட்டு உலர்ந்து கிடக்கும். விவாகத்திற்கு வந்த சமையற்காரர்களோ அவ்வறையில் சாமான்களை மாத்திரம் போட்டுவிட்டு, கூடத்திற்குப் பின்னால் வெட்டவெளியில் கோட்டை அடுப்பு வெட்டிச் சமைத்திருப்பார்கள். ஆடியும் மார்கழியும் முகூர்த்தமில்லாத மாதங்கள். ஏனைய மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் சிலவே. ஆகவே ஊர்ப் பொதுப் பணத்திற் கட்டிய அறை வருஷத்தில் பெரும்பாகம் பூட்டியே கிடக்கிறது. அதே ஊரில் அப்பளமும் ஊறுகாயும் செய்து விற்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினர், தங்களில் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நெருக்கடியோடு வேலை செய்துகொண்டிருப்பர். பூட்டிக் கிடக்கும் அறையை இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உதவும்படி மாற்றுவது எங்ஙனம் என்பதைச் சங்க அங்கத்தினர்கள் யோசித்தல் நலம்.

முதலில் இவ்வறையை யார் யார் உபயோகிப்பார்கள் என்று கணக்கிட வேண்டும். விவாகத்திற்கு ஐந்நூறு இலை போட வேண்டியிருக்கும். பெரிய அண்டாக்களும் பலத்த நெருப்பும் வேண்டும். சுயஉதவிக் குழுவினருக்குச் சிறிய அடுப்பு இரண்டும், சுத்தமான மேடையும், உலர்ந்த அலமாரியும் போதும். ஆனால் அவை நாடோறும் வேண்டும். கோயில் திருவிழாவில் கஞ்சி வார்ப்பவர்கள் ஒரே பண்டத்தை மிகுதியாகச் செய்வார்கள். துக்க வீட்டாருக்கு முன்னறிவிப்பின்றி அரை நாளிலே இடம் தேவைப்படும். இவற்றினும் முக்கியமானது ஆபத்துக் காலம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையேறிய பின்னர், காவிரிக் கழிமுகத்துக் கிராமங்கள் பல நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பொதுக் கூடங்களிலும் தங்கிப் பொதுவிற் சமைத்து உண்டனர். மோட்டார் ஓடாதபோது குழாயில் ஜலம் வராது; கிரைண்டரும் சுழலாது. அத்தகைய நாளிலும் பயன்படாத சமையற்கூடத்தைப் பொதுக் கூடம் என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

இத்தனை பேருக்கும் ஒரே அறை எங்ஙனம் பொருந்தும் என்று ஐயுறலாம். பெரும்பாலான கூடங்களில் நேர்ந்துள்ள பிழை, எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுவதுதான். சுவரோர மேடை வைத்த சமையலறை ஒரு குடும்பத்திற்கு ஏற்பட்டது. 1926-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரத்தின் புதிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டிடக்கலை வல்லுநர் ஒரு சமையலறையை அமைத்தார். ஏறக்குறைய ஆறேகால் அடி அகலமும் பதினோரடி நீளமுமே உள்ள அவ்வறையில் நின்ற இடத்திலிருந்து கைக்கெட்டும்படி யாவும் பொருத்தப்பட்டிருந்தன. வேலை செய்யும் ஸ்திரீயின் அடிகளைக் குறைப்பதே அதன் கருத்து. அக்கருத்து மிகச் சிறந்ததே. ஆனால் அது தனியே நின்று சமைக்கும் ஒருத்திக்காகச் செய்யப்பட்டது; இரண்டாமவர் உள்ளே வந்தால் இடிபடுவார். நம் கொத்தனார்கள் பட்டணத்து வீடுகளிற் கண்ட மேடையைக் கிராமப் பொதுக் கூடத்திலும் கட்டிவிடுகிறார்கள். அண்டா அதன்மீது ஏறுவதில்லை.

பொது அறையில் அசைக்கக் கூடாதவை நான்கே: ஜலம், சாக்கடை, புகைபோக்கி, வெளிச்சம். இவற்றைச் சுவரிலும் தரையிலும் நிலையாக அமைத்துவிட்டு, மேஜை, அடுப்பு, அலமாரி முதலிய மற்றவையெல்லாம் இடம் மாறக் கூடியவையாக வைத்தால், காலையில் பத்துப் பேர் முறுக்குச் சுடும் இடம் மாலையில் ஐந்நூறு பேருக்குச் சாதம் வடிக்கும் இடமாகிவிடும்.

உதாரணமாக, இருபத்து நான்கடி நீளமும் பதினாறடி அகலமும் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு நீளச் சுவரை ஒட்டிப் புகைக்கூண்டு; அதற்கு எதிர்ச் சுவரில் ஜலத் தொட்டியும் கழுவுமிடமும்; நடுவில் ஒன்றுமில்லை. நடுவிடம் காலியாக இருப்பதைக் கண்டு சிலர் வீண் என்பார்கள். நான்கு மரமேஜைகளை அங்கே சேர்த்துப் போட்டால் எட்டுப் பேர் எதிரெதிரே நின்று வேலை செய்யலாம். அவற்றை வராந்தாவுக்கு நகர்த்தினால் பரிமாறுமிடம் ஆகும். மேஜைக்கு இரண்டே முக்கால் அடி உயரம் நம் ஸ்திரீகளுக்குப் பொருந்தும். காய் நறுக்குவோர் அரிவாள்மனையோடு உட்கார்ந்தே வேலை செய்வதால், வராந்தாவில் ஒன்றரையடி உயரத்தில் கடப்பைக்கல் பாவிய திண்ணை ஒன்று அமைத்தல் மிகவும் உசிதமானது. புயல் நாளில் முதியோர் அதிற் படுத்துக்கொள்ளவும் கூடும்.

அடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடுப்பின் உயரத்தை அளப்பது வழக்கம். உண்மையில் அளக்க வேண்டியது பாத்திரத்தின் விளிம்பை. கிளறுபவரின் இடுப்பளவில் விளிம்பு இருந்தால்தான் ஜாரணியைத் தோள் நோகாமல் சுழற்றலாம். எனவே உயர்ந்த அண்டாவிற்குத் தாழ்ந்த அடுப்பும், சிறிய இருப்புச் சட்டிக்கு உயர்ந்த அடுப்பும் வேண்டியிருக்கிறது. கட்டிய மேடை இவ்விரண்டிற்கும் ஒருங்கே உதவாது. வெவ்வேறு உயரமுள்ள இரும்புச் சட்ட அடுப்புகள் உதவும். அவற்றைப் புகைக்கூண்டின் கீழ்த் தேவைக்கேற்ப இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

சாதம் வடிக்கும் இடந்தான் விபத்துக்கள் அதிகம் நேரக்கூடிய இடம். ஐம்பது லிட்டர் கொள்ளும் அண்டாவில் ஜலம் நிரம்பினால், பாத்திரத்தின் எடை நீங்கலாகவே ஐம்பது கிலோவாகும். அதைக் கொதிக்கக் கொதிக்க இருவர் தூக்கிச் செல்லும் வழியில் ஒரு வாசற்படி இருந்தால் போதும், கால் இடறும். ஆகவே அடுப்பிலிருந்து வடிக்குமிடம் வரை தரை ஒரே மட்டமாயும், வழுக்காத சொரசொரப்பான கல்லாகவும், நாலடி அகலத்திற்குக் குறையாத வழியாகவும் இருத்தல் வேண்டும். வடிக்குமிடத்தில் கம்பி வலை மூடிய வாய்க்கால் அமைக்க வேண்டும். கழுவுமிடத்துத் தரைக்கு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் சாய்வு கொடுத்தால் ஜலம் தேங்காது. கஞ்சித் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியிற் பிடித்து மாடுகளுக்குக் கொடுக்கும் ஊர்களில் சாக்கடையும் நாறுவதில்லை.

நெருப்பைப் பற்றி அலட்சியம் கூடாது. 2004-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற் கொட்டகையிற் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் மாண்டனர். அதனை நினைவிற் கொண்டு, எவ்வளவு பணமுடையாயினும் சமையற்கூடத்திற்கோ அதனோடு ஒட்டிய சாய்ப்பிற்கோ கீற்றுப் போடலாகாது. வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள் இரண்டு, எதிரெதிர்ச் சுவர்களில், எப்போதும் சாமான் அடைக்காமல் இருக்க வேண்டும். காஸ் சிலிண்டர்களை அறைக்கு வெளியே கம்பிக் கூண்டில் வைத்துக் குழாய் மூலம் உள்ளே கொண்டுவருதல் நல்லது. இந்தக் காஸ் காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தங்கும். ஆதலால் ஜன்னல் மாத்திரம் போதாது. சுவரின் அடியிலும் காற்றுத் துவாரங்கள் வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் ஜலம் ஊற்றுவது பேராபத்து. அடுப்பை நிறுத்திச் சட்டியை மூட வேண்டும். அதற்குரிய பெரிய மூடி அடுப்பருகிலேயே தொங்கிக்கொண்டிருக்கட்டும்.

விறகை முற்றிலும் விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. காஸ் கிடைக்காத நாளுக்காக ஓர் அடுப்பேனும் விறகுக்கு உரியதாயிருக்கட்டும். அதன் புகைபோக்கி கூரையின் முகட்டிற்கு மேல் இரண்டடியாவது உயர்ந்திருந்தாலன்றிக் காற்று திரும்பியடித்துப் புகை உள்ளேயே தங்கும். முகட்டிற்குத் தாழக் கட்டிவிட்டுப் புகைபோக்கி பயனில்லை என்று பழி சொல்பவர்கள் அநேகர். இவ்வாறே மின்சார மோட்டாரோடு ஒரு கைப்பம்பும், கிரைண்டரோடு ஓர் ஆட்டுக்கல்லும் இருத்தல் வேண்டும்.

நிற்க. அறையைத் திருத்துவது பாதி வேலையே. பாத்திரமும் சாவியும் மற்றப் பாதி. 1904-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட கிராம நாணய சங்கங்களில் ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பாளிகள் என்ற வரம்பற்ற பொறுப்பு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடன் என்னவாயிற்று என்று ஒவ்வொருவரும் விசாரித்தது அதனால்தான். ஆனால் பொதுக் கரண்டி காணாமற்போனால் யாரும் விசாரிப்பதில்லை. இதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. பொதுப் பாத்திரங்களை அலமாரிக்குள் அடுக்காமல் சுவரிலுள்ள கொக்கிகளில் மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் அதன் பின்னே சுவரில் வர்ணத்தால் எழுதிவிட வேண்டும். ஜல்லிக்கரண்டி இல்லாவிட்டால் அதன் நிழல் மாத்திரம் சுவரில் நிற்கும். எழுத்தறியாதவரும் குறையைக் கண்டுகொள்வார். இதனோடு ஒரு ரிஜிஸ்தர் வைத்து, எடுப்பவரும் திருப்பிக் கொடுப்பவரும் கையெழுத்திட வேண்டும். குழுவினரின் மாவு, எண்ணெய், மிளகாய் முதலியவற்றிற்குத் தனித்தனியே பூட்டுள்ள வலைக் கதவு அலமாரி கொடுத்தல் அவசியம். பொதுவாயிருப்பது எது, தமக்கே உரியது எது என்று தெளிவாயிராவிட்டால் மனஸ்தாபம் நேரும். விற்பனைக்குப் பண்டம் செய்வோர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற வேண்டுமாதலால், அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் வேறு சமையல் கலவாதபடி காரியதரிசி நேரம் ஒதுக்கித் தருவது உத்தமம்.

சமைத்த சாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிசியிலுள்ள சில கிருமிகளின் வித்துக்கள் கொதியிலும் அழிவதில்லை. பெரிய அண்டாவிற் குவிந்த சாதம் மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். மீந்த சாதத்தை அப்படியே மூடி வைக்காமல், அகன்ற தாம்பாளங்களிற் பரப்பி விரைவாக ஆற்ற வேண்டும். அதற்கு வேண்டிய மேஜை வடிக்குமிடத்தின் அருகே இருக்கட்டும்.

மறைக்காமல் எழுத வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. பொதுச் சமையலறையிற் சண்டை அடுப்பினால் வருவது குறைவு; யார் உள்ளே வரலாம் என்பதனால் வருவதே அதிகம். 2018-ஆம் ஆண்டில் திருப்பூர் ஜில்லா அவிநாசிப் பக்கத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு ஸ்திரீ சத்துணவு சமைக்கக் கூடாதென்று சிலர் ஆட்சேபித்தனர். அதிகாரிகள் முதலில் அவரையே இடம் மாற்றினர்; கிளர்ச்சி ஏற்பட்ட பின்னரே உத்தரவு ரத்தாகி, ஆட்சேபித்தோர் மீது வழக்குப் பதிவாயிற்று. தீண்டாமை பாராட்டுவதை அரசியல் சாசனம் 1950-லேயே ஒழித்தது; 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இருந்தும் கட்டிடத்திலேயே பேதத்தைக் கட்டிவைக்க இடமுண்டு. பின்பக்கம் தனிக் குழாய் என்றும், ஒரு சிலருக்குத் தனிப் பாத்திர அலமாரி என்றும் சௌகரியத்தின் பெயரால் யோசனை வரும். நிர்வாக சபையார் அவற்றை உறுதியாக மறுக்க வேண்டும். எதிரெதிராயுள்ள இரு கதவுகளும் எல்லோருக்கும் பொது. குழாயும் பாத்திரச் சுவரும் ஒன்றே. வாடகை ரசீதிலேயே இதனை நிபந்தனையாக அச்சிட்டுவிட்டால், விவாக நாளன்று வாசலில் நின்று வாதாட வேண்டியிராது. இந்நிபந்தனைக்கு இசையாதவருக்கு அறையைக் கொடாமலிருப்பதால் வரும் வாடகை நஷ்டத்தைச் சங்கம் தாங்கிக்கொள்ளட்டும்.

பணம் குறைவாயுள்ள சங்கம் எல்லாவற்றையும் ஒரே வருஷத்திற் செய்ய வேண்டியதில்லை. முதலில் சாக்கடையும் தரையும், பிறகு புகைபோக்கியும் வெளிக் கதவும். மேஜைகளைப் பின்னர் ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம். வர்ணமும் ஓடும் கடைசியில் வரட்டும். பார்வைக்கு அழகான ஓட்டை முதலில் ஒட்டிவிட்டுச் சாக்கடைக்காக அதையே உடைப்பதை எங்கும் காண்கிறோம்.

கொத்தனாரை அழைப்பதற்கு முன், அடுப்பு, மேஜை, தொட்டி ஆகியவற்றின் இடத்தைத் தரையிற் சுண்ணாம்புக் கோடுகளாற் குறியுங்கள். ஊரில் விருந்து சமைப்பவர் இருவரையும், சுயஉதவிக் குழுவிலிருந்து நால்வரையும் வரவழைத்து, பாதியளவு பச்சைத் தண்ணீர் நிரப்பிய அண்டாவை அடுப்பிலிருந்து வடிக்குமிடத்திற்குத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள். அச்சமயம் மற்றவர்கள் தத்தம் வேலையிடங்களில் நிற்கட்டும். எவரேனும் ஒதுங்க வேண்டியிருந்தால் அந்தக் கோட்டை அழித்து வேறிடத்திற் போடுங்கள்.